டிரெடில் மெஷினில் சமையல் குறிப்பு அட்டை: எழுத்துப் பற்றாக்குறை, விலை, லேபிள் பற்றி யோசனை தேவை

கருப்பட்டிமை (காரைக்குடி) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். சித்தப்பா நடத்திய அச்சகத்தை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு டிரெடில் மெஷின் (ஈய எழுத்தில் மை தடவித் தாளில் ஒற்றும் பழைய அச்சு இயந்திரம்), சில கேஸ் (எழுத்து போட்டுவைக்கும் கட்டம் கட்டமான தட்டு) நிறையத் தமிழ் எழுத்து, கொஞ்சம் பார்டர், பூ வேலை பிளாக்குகள், அவ்வளவுதான் சொத்து. சுற்று வட்டாரத்தில் மிச்சமிருக்கும் டிரெடில்கள் எல்லாம் பில் புக்குக்கு நம்பர் போடவும், அட்டைப் பெட்டியை வடிவத்துக்கு வெட்டவும் மடிப்புக் கோடு போடவும்தான் ஓடுகின்றன. பழைய ஈய விலைக்கு எழுத்தைக் கேட்டு வந்தவர்களைச் சித்தப்பா வாசலோடு அனுப்பிவிடுவார். அதனால்தான் இன்று என் கையில் ஒரு தொழில் இருக்கிறது.

எனக்கு அச்சு எவ்வளவு பிடிக்குமோ அவ்வளவு சமையலும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துத்தான் பிழைக்க விரும்புகிறேன். 5க்கு 7 அங்குலக் கெட்டிக் காகிதத்தில், ஒரு அட்டைக்கு ஒரு பலகாரம். வெள்ளைப் பணியாரம், கும்மாயம், கந்தரப்பம், மசாலா சீயம் இந்த நான்கும் முதல் வரிசை. கல்யாண வீட்டில் தாம்பூலப் பைக்குள் தேங்காயோடு அந்த வீட்டு அப்பத்தாவின் ஒரு பலகாரக் குறிப்பும் போக வேண்டும் என்பது என் ஆசை. கேட்ட வீடுகளில் கண் மலர்ந்து "செய்து கொடு" என்கிறார்கள். ஆர்டர் வருமா என்ற கவலை இல்லை. வேறு கவலைகள் உண்டு.

முதலாவது, எழுத்து போதவில்லை. 12 பாயிண்ட் அளவு எழுத்தில் கும்மாயத்தைப் பாதி கோப்பதற்குள் (எழுத்தை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையில் அடுக்குவதற்குள்) "து" கட்டம் காலி. "த்" அதற்கும் முன்னால் காலி. வறுத்து, அரைத்து, சலித்து, கரைத்து, வடித்து என்று சமையல் தமிழ் முழுக்க அந்த இரண்டு எழுத்தில்தான் நடக்கிறது. கல்யாணப் பத்திரிகைக்கு வாங்கிய கேஸில் "ஸ்ரீ" குவிந்து கிடக்கிறது, "த்" இல்லை.

இரண்டாவது, விலை. ஒரு அட்டைக்கு இவ்வளவு என்று சொன்னால் 50 அட்டை கேட்பவருக்கும் 500 அட்டை கேட்பவருக்கும் எப்படி நியாயமாகச் சொல்வது?

மூன்றாவது, வாடிக்கையாளர்கள் தடவிப் பார்த்தால் எழுத்து அழுந்திய பள்ளம் தெரிய வேண்டும் என்கிறார்கள். சித்தப்பாவோ பின்பக்கம் தடவினால் ஒன்றும் தெரியக் கூடாது, அதுதான் நல்ல அச்சு என்று சொல்லிக் கொடுத்தவர். எதை வைத்துக்கொள்வது?

கடைசியாக, ஒரு பொடிக்கடை அக்கா பருப்புப் பொடி பாக்கெட்டுக்கு லேபிள் கேட்கிறார். எடுக்கலாமா?

கேஸில் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, தும்பிக்கை போட்ட "லை", "னை" எல்லாம் அப்படியே இருக்கின்றன. "கறிவேப்பிலை" என்று அதில் கோத்துப் பார்த்தேன், அவ்வளவு அழகு. இதை அட்டையில் பயன்படுத்தலாமா என்றும் சொல்லுங்கள்.

பழைய கம்பாசிட்டர் (மதுரை) பதில்:

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் கை பரபரத்தது. வேலை பார்த்த காலம் முழுக்க எழுத்துக் கோக்கும் ஸ்டிக்கைப் பிடித்தவன் நான். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

எழுத்துப் பற்றாக்குறைக்கு எழுத்து வாங்குவது பிறகு. முதலில் வாசகத்தைப் பாருங்கள். "வறுத்து அரைத்துச் சலித்து எடுத்துக்கொள்ளவும்" என்று யார் பேசுகிறார்கள்? அது பத்திரிகைச் சமையல் பக்கத்தின் தமிழ். உங்கள் அப்பத்தா உங்களிடம் எப்படிச் சொன்னார்? "உளுந்தை வறு. வாசம் வரட்டும். இறக்கு. அரை. சலி." இப்படித்தானே? அதையே கோத்துவிடுங்கள். "த்" செலவு பாதிக்கு மேல் குறைந்துவிடும். வரியும் சின்னதாகும், அட்டையில் காற்றோட்டம் கிடைக்கும். எங்கள் காலத்தில் நோட்டீஸ் எழுதிக் கொண்டுவருபவர்களிடம் கேஸைப் பார்த்துவிட்டு "இந்த வார்த்தையை மாற்றுங்கள்" என்று சொல்வது சாதாரணம். உங்கள் விஷயத்தில் கேஸ் சொல்வதும் அப்பத்தா சொல்வதும் ஒன்றாக இருக்கிறது, விட்டுவிடாதீர்கள்.

விலைக்கு வருகிறேன். அட்டை எண்ணிக்கையை மறந்துவிட்டு மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். உதாரணத்துக்கு உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 300 ரூபாய் என்று வையுங்கள். கோப்பதற்கு 4 மணி. சேஸ் என்ற இரும்புச் சட்டத்தில் பூட்டி, மெஷினில் ஏற்றி, தாளுக்கு அடியில் வரும் டிம்பனில் காகிதம் ஒட்டி அழுத்தம் சரிசெய்ய 2 மணி. வேலை முடிந்து எழுத்தைப் பிரித்து அந்தந்தக் கட்டத்தில் போட 2 மணி. மெஷின் ஓடும் நேரத்தைச் சேர்க்காமலே 2,400 ரூபாய் ஆகிவிட்டது. 100 அட்டை என்றால் அட்டைக்கு 24 ரூபாய் இதிலேயே போகிறது. 400 என்றால் 6 ரூபாய். காகிதம், மை, ஓட்டுகிற நேரம் இதற்கு மேல். பழக்கப்பட்ட கை டிரெடிலில் மணிக்கு 800, 1000 தாள்கூடப் போடும். கெட்டிக் காகிதத்தை நீங்கள் நிதானமாக 300 போட்டாலும் போதும், ஓட்டுவதில் பெரிய செலவு இல்லை. இரண்டாவது நிறம் கேட்டால் மறுபடி 2 மணியும் ரோலர் கழுவுகிற நேரமும் சேரும். இந்தக் கணக்கை அப்படியே வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். 50 அட்டை கேட்டவர் தானே 200 அட்டை என்பார்.

பிரித்துப் போடுகிற நேரத்தை யாரும் விலையில் சேர்ப்பதில்லை. தொழில் நசிந்ததற்கு ஆஃப்செட்டைக் காரணம் சொல்வார்கள். அதோடு இதையும் ஒரு காரணமாக நான் சொல்வேன். பிரிக்காமல் கட்டிவைத்த மேட்டரும் (கோத்த எழுத்து) கலந்து கொட்டிய எழுத்தும் மூலையில் சேரச் சேர, அடுத்த வேலைக்கு எழுத்து இல்லாமல் நின்ற அச்சகங்கள் உண்டு.

பள்ளம் விஷயத்தில் சித்தப்பா சொன்னதே சரி. நம் எழுத்து ஈயம், ஆன்டிமனி, வெள்ளீயம் கலந்த உலோகம். மெல்லிய கோடும் சுழியும் நிறைந்த தமிழ் எழுத்தைக் கெட்டிப் பஞ்சுக் காகிதத்தில் பள்ளம் விழ இடித்தால் சில வேலைகளிலேயே முனை மழுங்கும். புதிதாக வார்த்துத் தர ஃபவுண்டரியைத் தேடி அலைய வேண்டும். ஈய எழுத்தை முத்தமிடுவது மாதிரி மட்டும் ஒற்றி எடுங்கள்.

பள்ளம் வேண்டும் என்பவருக்கு வழி இருக்கிறது. ஈய எழுத்தில் கோத்து, வழவழப்பான ஆர்ட் பேப்பரில் மை மிதமாகப் போட்டுச் சுத்தமாக ஒரு ப்ரூஃப் (சோதனை அச்சு) எடுங்கள். அதை ஸ்கேன் செய்து ஃபோட்டோபாலிமர் பிளேட் (எழுத்து மேடாக நிற்கும் பிளாஸ்டிக் தகடு) போடக் கொடுங்கள். எழுத்தின் முகம் உங்கள் கேஸுடையதாகவே இருக்கும், அடி வாங்குவது பிளேட். அதே குறிப்பு மறுபடி ஆர்டர் வந்தால் மறுபடி கோக்கவும் வேண்டாம்.

தும்பிக்கை "லை"யைத் தலைப்பில் போடுங்கள். 1978இல் அரசாணை வந்தபோது படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கே இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இளையவர்கள் அளவு எழுதிய வரியில் தடுமாறக் கூடாது. 24 பாயிண்டில் "கறிவேப்பிலைப் பொடி" என்று தலைப்பாக இருந்தால் யாருக்கும் சந்தேகம் வராது. பார்க்கவும் ராஜ களை.

இன்னொன்று, சமையலும் அச்சும் சேருமா என்று யாராவது கேட்டால் தரங்கம்பாடியைச் சொல்லுங்கள். 1712இல் அங்கிருந்த கிறிஸ்தவ மிஷனுக்கு இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது, ஜெர்மனியின் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்தும் அடுத்து வந்தது. அந்த எழுத்து பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றது. சின்ன எழுத்தை இங்கேயே வார்த்தார்கள். அதற்கான ஈயத்துக்கு, மிஷனுக்கு வந்த செஷயர் சீஸ் டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். நம் தமிழ் எழுத்து சாப்பாட்டு டப்பாவிலிருந்தும் பிறந்திருக்கிறது.

பாண்டிக் காகிதம் பதில்:

ஐயா சொன்ன ப்ரூஃப் முறையைத்தான் நானும் செய்கிறேன். சில சேர்க்கைகள் மட்டும்.

பிளேட்டுக்கு அடியில் வைக்கும் கட்டை உயரம் சரியாக இருக்க வேண்டும். எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், ஏறக்குறைய 23.3 மில்லிமீட்டர். பிளேட்டின் தடிமனும் ஒட்டும் ஃபிலிமின் தடிமனும் கட்டையின் உயரமும் சேர்ந்து அதே அளவு வர வேண்டும். பிளேட் போடக் கொடுக்கும் முன் தடிமனைக் கேட்டுக்கொண்டு அதற்கேற்றபடி கட்டை செய்யுங்கள்.

இங்கே புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை 1959 முதல் இருக்கிறது. பஞ்சுத் துணியிலிருந்து செய்யும் அந்த மாதிரிக் காகிதம் அச்சை நன்றாக வாங்கும். ஆனால் ஒரே கட்டில் தாளுக்குத் தாள் தடிமன் மாறும். விரலால் பிரித்து மெல்லியது ஒரு அடுக்கு, கெட்டி ஒரு அடுக்கு என்று ஓட்டுங்கள். ஓரம் பிசிறு பிசிறாக இருப்பது அழகுதான், ஆனால் தாளை இடத்தில் நிறுத்தும் கேஜ் பின்னில் முட்டும் இரண்டு பக்கத்தையாவது நேராக வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது நிறம் இடம் மாறி உட்காரும்.

ஐப்பசி, கார்த்திகையில் மை காய நேரமாகும். தாள்களை அடுக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். ரோலரை முதலில் சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டுக் கடைசியில் மட்டும் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொடுங்கள், மூச்சுக்கு நல்லது.

யாராவது "மஞ்சள் பொடியிலேயே மை செய்து அடிக்கலாமே" என்று கேட்பார்கள். என்னிடம் எல்லாரும் கேட்கிறார்கள். மஞ்சள் வெயில் பட்டால் வெளுக்கும், சுண்ணாம்போ சோப்போ பட்டால் சிவக்கும். மஞ்சள் நிறத்தில் நல்ல அச்சு மையே இருக்கிறது.

பந்திக்காரர் (கும்பகோணம்) பதில்:

எனக்கு அச்சு தெரியாதும்மா. கல்யாணச் சமையல் எங்கள் தொழில், அதில் ஒரு வார்த்தை.

உங்களிடம் யாராவது பந்தி மெனு அட்டை கேட்டால் யோசித்து ஒப்புக்கொள்ளுங்கள். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சந்தைக்குப் போய் அவரைக்காய் முற்றலாக இருந்தால் நாங்கள் பீன்ஸுக்கு மாறிவிடுவோம். அட்டையில் அவரைக்காய்ப் பொரியல், இலையில் பீன்ஸ். சம்பந்தி வீட்டில் அதற்கு ஒரு பேச்சு. நீங்கள் நினைத்த பலகாரக் குறிப்பு அட்டைதான் நல்லது, அது சந்தையை நம்பி இல்லை.

அச்சடித்த பிறகு உப்பைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது. அதனால் ப்ரூஃப் எடுத்த தாளை, அந்தப் பலகாரத்தைச் செய்தே பார்க்காத ஒரு பிள்ளையிடம் கொடுத்து, நீங்கள் வாயைத் திறக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். அந்தப் பிள்ளை எங்கே உங்கள் முகத்தைப் பார்க்கிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது.

கருப்பட்டிமை பதில்:

ஐயா, படித்துவிட்டு அப்படியே கேஸ் முன்னால் போய் நின்றேன். வெள்ளைப் பணியாரத்துக்கு அப்பத்தா சொல்லும் அளவே இதுதான்: "ஆழாக்கு அரிசியைத் தலை தட்டி அள. மேலே கோபுரமாக உளுந்து வை." கிராம் கணக்கைத் தேடிக்கொண்டிருந்தேன். இந்த இரண்டு வரியையே போடப் போகிறேன். இந்த அளவில்தான் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பணியாரம் வெள்ளை வெளேரென்று வருகிறது.

பந்திக்காரர் அண்ணா, நீங்கள் சொன்ன சோதனையைத் தங்கை மகளை வைத்துச் செய்கிறேன். அவள் தோசை மட்டும்தான் ஊற்றுவாள், சரியான ஆள்.

லேபிள் பற்றி யாருக்காவது அனுபவம் உண்டா?

பொடிக்கடை (திருநெல்வேலி) பதில்:

தங்கச்சி, நான் பொடியும் ஊறுகாயும் விற்கிறேன், எனவே அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாக்கெட் லேபிளில் சட்டப்படி வர வேண்டியது நிறைய. சேர்மானங்கள், நிகர எடை, அதிகபட்ச விலை, தொகுதி எண், தயாரித்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், பச்சைப் புள்ளி, உணவுப் பாதுகாப்பு உரிம எண், முகவரி என்று போகும். தேதியும் தொகுதி எண்ணும் ஒவ்வொரு அரைப்புக்கும் மாறும். இதையெல்லாம் பொடி எழுத்தில் நீங்கள் கையால் கோத்துக் கொடுத்தால் உங்களுக்கும் கட்டாது, அந்தக் கடைக்கார அக்காவுக்கும் கட்டாது. நான் அந்த விவரங்களைச் சாதாரண ஸ்டிக்கரில் பின்பக்கம் ஒட்டிவிடுகிறேன். முன்னால் பாட்டிலின் கழுத்தைச் சுற்றிக் கட்டும் அட்டையும், டப்பாவைச் சுற்றும் காகிதப் பட்டியும் மட்டும் கையச்சு. அதில் பெயரும் ஒரு பூவும் போதும். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்கு வாங்கிப் போகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எடுக்கிறார்கள்.

உங்கள் அச்சு உணவைத் தொடவே கூடாது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பொட்டல விதிகளில் அச்சிட்ட செய்தித்தாளில் உணவை மடிப்பதற்குத் தடை இருக்கிறது. பொட்டலத்தில் பயன்படும் மைக்கும் ஐஎஸ் 15495 என்ற தரம் சொல்லியிருக்கிறார்கள். அட்டை வெளியே, பொடி உள்ளே, நடுவில் மூடிய உறை என்று இருந்தால் சிக்கல் இல்லை. பணியாரத்துக்கு அடியில் விரிக்க அழகான தாள் கேட்பார்கள், அதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. நீங்கள் சமைப்பவர், ஈயத்திலும் வேலை செய்பவர். இரண்டும் ஒரே வீட்டிலா?

பழைய கம்பாசிட்டர் (மதுரை) பதில்:

பொடிக்கடை அம்மா கேட்டது மிக முக்கியம். நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டிய அளவுக்கு முக்கியம்.

ஈயம் தொட்ட கையால் வெற்றிலை மடித்துப் போட்டவர்களோடு வேலை பார்த்தவன் நான். அந்தப் பழக்கம் உங்கள் அச்சகத்தில் நுழையவே கூடாது. கேஸ் இருக்கும் அறையில் தண்ணீர் குடிப்பதுகூட வேண்டாம். வெளியே வந்து சோப்புப் போட்டு நகக்கண் வரை கழுவிய பிறகுதான் மாவில் கை வைக்க வேண்டும். அச்சகத்துக்கு ஒரு மேலங்கி தனியாக வைத்து, தனியாகத் துவையுங்கள். பழைய கேஸில் எழுத்தின் மேல் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் அது ஈயம் அரித்த பொடி. ஊதிவிடாதீர்கள். முகக்கவசம் போட்டு, ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். தரையையும் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் உள்ளே விட வேண்டாம். வருஷத்துக்கு ஒரு முறை ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

ஊறுகாய் ஜாடி, வினிகர் போன்றவற்றை எழுத்து இருக்கும் அறையில் வைக்காதீர்கள். புளிப்பு ஆவி பட்டால் ஈயம் வெளுத்துப் பொடியாகும். எழுத்துக்கும் கேடு, உங்களுக்கும் கேடு.

கருப்பட்டிமை பதில்:

இரண்டு பேருக்கும் நன்றி. அச்சகம் முன்பக்கத் தெருவாசல் அறையில், சமையற்கட்டு இரண்டாம் கட்டுக்கு அப்பால். நடுவில் முற்றம் இருக்கிறது. முற்றத்துக் குழாயடியில் சோப்பும் நக பிரஷும் வைத்துவிட்டேன், மேலங்கி ஆணியில் தொங்குகிறது. ரத்தப் பரிசோதனைக்கும் போகிறேன். தங்கை மகள் இனி முற்றத்தைத் தாண்டி முன்னால் வர மாட்டாள்.

பொடிக்கடை அக்காவிடம் கழுத்து அட்டை மட்டும் பேசி முடிக்கிறேன். கல்யாண அட்டைக்குக் குறைந்தது 200 என்று வைக்கிறேன், மணிக் கணக்கை ஒரு தாளில் அச்சடித்தே கடையில் மாட்டப் போகிறேன்.

கும்மாயத்தை ஐயா சொன்னபடி மாற்றி எழுதினேன். பாருங்கள்:

*உளுந்து 1 ஆழாக்கு, பாசிப்பருப்பு ¼, பச்சரிசி ¼. தனித்தனியாக வறு. மாவாக அரை. சலி.*

*மாவு 1 ஆழாக்கு எடு. கருப்பட்டி 1, வெல்லம் ½. தண்ணீரில் கரை. கொதி வரட்டும். வடிகட்டு.*

*அரை ஆழாக்கு நெய். பாதியை வாணலியில் விடு. மாவைப் போடு, வாசம் வர வறு. பாகை ஊற்று. சிறு தீ. கட்டி விழாமல் கிண்டு. மிச்ச நெய்யை விடு. ஈரக்கையால் தொடு. ஒட்டாவிட்டால் இறக்கு.*

மொத்தக் குறிப்பிலும் "த்" ஒன்றே ஒன்று, "து"வும் ஒன்றே ஒன்று! கேஸில் இன்னும் மிச்சம் கிடக்கிறது.

பந்திக்காரர் (கும்பகோணம்) பதில்:

படிக்கவே நெய் வாசம் வருகிறது. ஆனால் தண்ணீர் எவ்வளவு என்று இல்லையே. கருப்பட்டி கரைகிற அளவுக்கு ஒரு ஆழாக்கு விட்டால் மாவு வேகாது, கல்லாகிவிடும்.

கருப்பட்டிமை பதில்:

3 ஆழாக்கு அண்ணா. "தண்ணீர் 3. அதில் கரை." என்று மாற்றிவிட்டேன். இதுதான் மெஷினுக்குப் போகிறது.